தீயோடு போராடுகிறவருக்கு நல்ல சோறு போடுங்கள்!

பெரிய முதலியார்சாவடி ஒரு கடலோரக் கிராமம். விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகாவில் இருக்கிறது. புதுச்சேரிக்குச் சற்று வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இந்த ஊர் வரும். அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணம். அங்கே பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வெயிலில் உப்பு வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கும்.

பார்க்க அழகான கடற்கரை. ஆனால், ஆபத்து அடிக்கடி வந்து போகும் கடற்கரை.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. 2020-ம் ஆண்டு நவம்பர் மாதம் ‘நிவர்’ புயல் வந்தது. 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ‘பெஞ்சல்’ புயல் வந்தது. அப்போது மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

புயல் இல்லாத நாளிலும் நிம்மதி உண்டா? கூரை வீடு தீப்பிடிக்கும். தோப்பில் சருகு எரியும். சாலையில் லாரியும் காரும் மோதிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் யார் வருகிறார்கள்?

தீயணைக்கும் படையினர் மணி அடித்துக்கொண்டு வருகிறார்கள். 108 ஆம்புலன்ஸ் வருகிறது. போலீஸ்காரர் வருகிறார். விழுந்த கம்பத்தை நிமிர்த்த மின்சார வாரியத்து ஆட்கள் வருகிறார்கள். எரியும் வீட்டை விட்டு நாம் வெளியே ஓடி வருகிறோம். அவர்கள் உள்ளே ஓடுகிறார்கள்.

வேலை முடிந்ததும் அவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? கொதிக்கக் கொதிக்க டீ. கடையில் சுட்ட பஜ்ஜி. இரவாக இருந்தால் புரோட்டா. யாராவது ஒருவர் சிகரெட்டும் நீட்டுவார்.

எல்லாம் அன்போடு கொடுப்பதுதான். ஆனால், அந்த அன்பில் கொஞ்சம் யோசனையும் சேர வேண்டும். தீயோடு போராடுகிறவருக்குப் புற்றுநோய் ஆபத்து இருக்கிறது என்று உலக விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள். அவருடைய தட்டில் என்ன விழுகிறது என்பதை வீடும், ஊரும், சர்க்காரும் கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

விஞ்ஞானிகள் தீர்ப்பு

பிரான்சு நாட்டில் லியோன் என்று ஒரு நகரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அங்கேதான் இருக்கிறது. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம், 8 நாடுகளைச் சேர்ந்த 25 விஞ்ஞானிகள் அதற்காகக் கூடினார்கள். தீயணைக்கும் தொழில் பற்றிய ஆராய்ச்சிகளை எல்லாம் அலசிப் பார்த்தார்கள்.

“தீயணைக்கும் தொழில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது” என்று முடிவு சொன்னார்கள்.

புகையிலையை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்களோ, அதே முதல் வரிசையில் இந்தத் தொழிலையும் வைத்தார்கள். நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க்கும், மூத்திரப் பையில் வரும் புற்றுநோய்க்கும் நல்ல சான்று இருப்பதாகச் சொன்னார்கள். பெருங்குடல் புற்றுநோய் முதலிய வேறு சிலவற்றுக்கும் ஓரளவு சான்று உண்டு என்றார்கள்.

ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தீயணைக்கும் வீரர் எல்லாருக்கும் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்தத் தொழில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பது நிச்சயமாகிவிட்டது. அவ்வளவுதான். பயப்படத் தேவை இல்லை. ஜாக்கிரதை தேவை.

இரண்டரை நூற்றாண்டுப் பாடம்

புகையும் கரியும் புற்றுநோய் தரும் என்பது புதுக்கதை அல்ல.

லண்டனில் பெர்சிவல் பாட் என்று ஒரு டாக்டர் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே புகைபோக்கி துடைக்கச் சிறு பையன்களை ஏற்றிவிடுவார்கள். அவர்கள் உடம்பு எல்லாம் கரி அப்பிக்கொள்ளும். பெரியவர்களான பின் அவர்களுக்கு ஒரு வகைப் புற்றுநோய் வந்தது. விதைப்பையின் தோலில் வந்தது. உடம்பில் ஒட்டிய கரிதான் காரணம் என்று 1775-ம் ஆண்டு அந்த டாக்டர் எழுதினார். செய்யும் தொழிலால் புற்றுநோய் வரும் என்று உலகத்துக்குக் காட்டிய முதல் எழுத்துகளில் அது ஒன்று.

அன்று எரிந்தது விறகும் கரியும். இன்று எரிவது என்ன?

கூரை வீட்டிலும் இன்று பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. பஞ்சு மெத்தைக்குப் பதில் ரப்பர் போன்ற மெத்தை வந்துவிட்டது. டி.வி. இருக்கிறது. மின்சார ஒயர் இருக்கிறது. இவை எரியும்போது வருகிற புகையில் பென்சீன் முதலிய பல விஷங்கள் உண்டு.

2017-ம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னை தியாகராயநகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை தீப்பிடித்தது. ஒரு நாளுக்கு மேல் அது புகைந்தது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. அதை அணைக்கப் பல நாள் ஆயிற்று. அத்தனை நேரமும் அந்தப் புகையில் நின்றவர்கள் யார்? காக்கி உடுப்புப் போட்ட நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

சோறு கவசம் ஆகுமா?

“நல்ல சாப்பாடு சாப்பிட்டால் புகை விஷம் போய்விடுமா?” என்று நீங்கள் கேட்கலாம்.

போகாது. கீரையும் பழமும் உள்ளே போன புகையைக் கழுவித் தள்ளிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புகையைத் தடுக்க முகமூடிதான் வேண்டும். சுத்தமான காற்று வரும் சிலிண்டர் வேண்டும். நல்ல உடுப்பு வேண்டும்.

அப்படியானால் சாப்பாட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

காரணம் இருக்கிறது. புற்றுநோய் ஒரே வழியில் வருவது இல்லை. பல வாசல் வழியாக வருகிறது. தொழில் ஒரு வாசல். புகையிலை ஒரு வாசல். மது ஒரு வாசல். உடம்பில் அளவுக்கு மிஞ்சிச் சேரும் கொழுப்பு ஒரு வாசல். உடம்பு பெருத்தால் 13 வகைப் புற்றுநோய்களின் ஆபத்து கூடும் என்று அதே ஆராய்ச்சி அமைப்பு 2016-ல் சொல்லியிருக்கிறது.

தொழில் என்ற வாசலை வீரர் மூட முடியாது. அவர் அதை மூடினால் நம் வீடு எரிந்து போகும். ஆனால், மற்ற வாசல்களை மூடலாம். அதற்கான தாழ்ப்பாள் பெரும்பாலும் சமையல் அறையில் இருக்கிறது.

108 ஆம்புலன்சில் போகிறவருக்கும், இரவு ரோந்து போகும் போலீஸ்காரருக்கும், ஆஸ்பத்திரி நர்சுக்கும் இது பொருந்தும். அவர்கள் புகையில் நிற்பது குறைவு. ஆனால், இரவு விழிப்பு அவர்களுக்கும் உண்டு. பல வருஷம் இரவு வேலை பார்ப்பது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்று 2007-லும், மீண்டும் 2019-லும் அந்த அமைப்பு எச்சரித்திருக்கிறது. நேரம் கெட்ட நேரத்தில் கிடைத்ததைத் தின்பதால் உடம்பும் பெருக்கிறது.

முதலில் கை கழுவுங்கள்

தீயை அணைத்த கையில் கரி இருக்கும். விரல் இடுக்கில், நகத்தில், கழுத்தில் எல்லாம் கரி இருக்கும். அந்தக் கையோடு பஜ்ஜி தின்றால், கரியும் சேர்ந்துதானே உள்ளே போகும்?

ஆகவே, சாப்பாடு நீட்டும் முன் தண்ணீரும் சோப்பும் நீட்டுங்கள். ஒரு குடம் தண்ணீர், ஒரு சோப்பு, ஒரு துண்டு. இது எந்த வீட்டிலும் இருக்கும்.

நிலையத்துக்குத் திரும்பிய உடனே வீரர் குளிக்க வேண்டும். கரி உடுப்போடு வீட்டுக்கு வரக் கூடாது. அந்த உடுப்போடு குழந்தையைத் தூக்கக் கூடாது. உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

டீ கொஞ்சம் ஆறட்டும்

மணி எப்போது அடிக்கும் என்று தெரியாது. அதனால் இவர்கள் டீயைக் கொதிக்கக் கொதிக்க விழுங்கிப் பழகிவிடுகிறார்கள்.

65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக் குழாயில் புற்றுநோய் வரக் காரணமாகலாம் என்று 2016-ல் விஞ்ஞானிகள் சொன்னார்கள். குற்றம் டீயின் மேல் இல்லை. சூட்டின் மேல்தான்.

இதற்கு வைத்தியம் சுலபம். இரண்டு ஆற்று ஆற்றிக் கொடுங்கள். நம் டீக்கடைக்காரருக்கு ஆற்றுவதற்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

கறுத்த எண்ணெய்

இரவு 2 மணிக்கு என்ன கிடைக்கும்? புரோட்டாவும் எண்ணெய்ப் பலகாரமும்தான் கிடைக்கும். புரோட்டா மைதா மாவில் செய்வது. மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. வயிறு நிறையும். குடலுக்கு வேலை செய்யும் சத்து இருக்காது.

கேழ்வரகு, கம்பு, தவிடு போகாத அரிசி, பயறு, கீரை இவற்றில் நார்ச்சத்து உண்டு. நார்ச்சத்து உள்ள தானியங்களைச் சாப்பிடுகிறவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து குறைகிறது என்பது பல ஆராய்ச்சிகளில் தெரிந்த உண்மை. தீயணைக்கும் வீரருக்குச் சந்தேகிக்கப்படும் நோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று என்று மேலே பார்த்தோம். அதனால் இந்தச் சத்து அவருக்கு மிகவும் வேண்டும்.

எண்ணெய் விஷயம் வேறு. காலையில் ஊற்றிய எண்ணெயிலேயே இரவு வரை சுடுகிறார்கள். எண்ணெய் கறுக்கிறது, கெட்டியாகிறது. அந்தப் பலகாரத்தை விட்டுவிடுவது நல்லது. மீனை நெருப்பில் சுட்டால் கருகின பகுதியைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். பாக்கெட்டில் வரும் பதப்படுத்திய இறைச்சியும் வேண்டாம். தினம் 50 கிராம் அதைத் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவிகிதம் கூடும் என்று 2015-ல் கணக்குச் சொன்னார்கள்.

உப்பு விளையும் ஊரில் ஒரு வார்த்தை

இனிமேல்தான் நம் கடற்கரைக்குக் கொஞ்சம் கசப்பான சங்கதி.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதும் பழமொழிதான். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன் அளவு. குழம்பு, பொரியல், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் சேரும். ஆனால், நாம் ஏறக்குறைய இரண்டு பங்கு உப்புத் தின்கிறோம்.

உப்பு அதிகமானால் ரத்தக் கொதிப்பு வரும் என்பது பலருக்குத் தெரியும். உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய உணவை நிறையத் தின்றால் வயிற்றில் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடுகிறது. இது பலருக்குத் தெரியாது. சீனாவில் ஒரு முறையில் உப்புப் போட்டு ஊறவைக்கும் மீன், மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல் பகுதியில் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று உறுதி ஆகியிருக்கிறது.

“அப்படியானால் கருவாடு சாப்பிடவே கூடாதா?” என்று பெரிய முதலியார்சாவடித் தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது.

நம் கருவாடு அந்தச் சீன முறையில் செய்வது அல்ல. அதை விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அதில் உப்பு மிக அதிகம். தினமும் கருவாடு, கூடவே ஊறுகாய், மோர் மிளகாய் என்று போனால் கணக்கு எங்கேயோ போய்விடும். என்றைக்காவது ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தரம் அலசி, குழம்பில் போடுங்கள். குழம்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம்.

வீட்டு வாசலில் கடல் இருக்கிறது. நெத்தியும் மத்தியும் கானாங்கெளுத்தியும் துள்ளத் துள்ள வருகின்றன. அந்தப் புது மீனைக் குழம்பு வைத்துக் கொடுங்கள். விலை உயர்ந்த வஞ்சிரம்தான் வேண்டும் என்பது இல்லை. ஏழை வாங்கும் மத்தியில் நல்ல சத்து இருக்கிறது.

ஒரு சங்கதி. வெயிலில், அனலில் வேலை செய்கிறவருக்கு வியர்வையில் கொஞ்சம் உப்பு வெளியே போகும். அதற்கு நீர்மோரும், கஞ்சித் தண்ணீரும், இளநீரும் கொடுங்கள். தண்ணீரும் நிறையக் கொடுங்கள். ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

என்ன கொடுக்கலாம்?

இது வேண்டாம், அது வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. வேண்டியது என்ன என்றும் சொல்ல வேண்டும்.

காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது கம்பங்கூழ். மோர் விட்டுக் கரைத்தது. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

மதியம் சோறு. சோறு குறைவாக, காய் அதிகமாக. முருங்கைக் கீரையோ அரைக்கீரையோ ஒரு கரண்டி தாராளமாக. பருப்பு ஒரு கிண்ணம். மீன் குழம்பு இருந்தால் நல்லது.

சாயங்காலம் சுண்டல். பச்சைப் பயறு, கொண்டைக் கடலை, தட்டைப் பயறு எதுவானாலும் சரி. வேர்க்கடலையும் நல்லதுதான். ஆனால், பூஞ்சை பிடித்த கடலையை ஒன்றுகூட வாயில் போடாதீர்கள். ஈரத்தில் கடலை மேல் வளரும் ஒரு வகைப் பூஞ்சை, கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கும் விஷத்தைச் சுரக்கிறது. புயலில் நனைந்த கடலை மூட்டையைக் காயவைத்தாலும் அந்த விஷம் போகாது.

இரவு இட்லி. ஆவியில் வெந்தது, வயிற்றைக் கெடுக்காது. அவித்த முட்டை ஒன்று. வாழைப்பழம் ஒன்று.

பழம் என்றதும் ஆப்பிளைத் தேட வேண்டாம். கொய்யா போதும். பப்பாளி போதும். நெல்லிக்காய் போதும். பழமும் காயும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராம் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து கை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்துத் தீயணைக்கும் நிலையங்களில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தார் ஒரு சோதனை நடத்தினார்கள். வீரர்களின் சாப்பாட்டை மத்தியதரைக் கடல் நாட்டு முறைக்கு மாற்றிப் பார்க்கும் சோதனை அது. காய், பழம், பயறு, தவிடு நீக்காத தானியம், மீன், ஆலிவ் எண்ணெய்! இவைதான் அந்தச் சாப்பாடு.

ஆலிவ் எண்ணெயை விட்டுவிடுங்கள். மற்றது எல்லாம் என்ன? நம் பாட்டி வைத்த சாப்பாடுதானே! கூழும் கீரையும் பயறும் மீனும் நம்மிடம் இருக்கின்றன. நாம்தான் அதை விட்டுவிட்டுப் புரோட்டாக் கடைக்குப் போகிறோம்.

மாத்திரை வேண்டாம்

“இதற்கெல்லாம் நேரம் ஏது? சத்து மாத்திரை வாங்கிப் போட்டால் போச்சு!” என்று சிலர் சொல்வார்கள்.

பின்லாந்து நாட்டில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29 ஆயிரம் பேரைச் சேர்த்து ஒரு சோதனை செய்தார்கள். காரட் போன்ற காய்களில் இருக்கும் ஒரு சத்தை மாத்திரையாகச் சிலருக்குக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை தின்றவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகமாக வந்திருந்தது!

காயாகத் தின்றால் நல்லது செய்யும் சத்து, மாத்திரையாகத் தின்றபோது புகை பிடிப்பவருக்குக் கெடுதல் செய்தது. ஆகவே, டாக்டர் எழுதிக் கொடுக்காமல் எந்தச் சத்து மாத்திரையும் வாங்காதீர்கள். அந்தக் காசுக்குக் கீரை வாங்குங்கள்.

களைப்புக்கு மருந்தா?

பிணத்தைத் தூக்கி வந்த கை நடுங்கும். எரிந்த குழந்தையைப் பார்த்த கண் மூடாது. இதை மறக்க என்று சிலர் குடிக்கிறார்கள். விழித்திருக்க என்று சிலர் பாக்குப் போடுகிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள்.

அவர்கள் படும் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால், உண்மையை மறைக்க முடியாது. புகையிலை புற்றுநோய் தரும். மது புற்றுநோய் தரும் என்பது 1980-களிலேயே உறுதி ஆகிவிட்டது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி செய்யும் என்று விஞ்ஞானிகள் சொல்லி 20 வருஷங்களுக்கு மேல் ஆகிறது.

புகைக்குள் போய் வந்தவர் மறுபடியும் வாயால் புகையை இழுக்கலாமா? சிகரெட் புகை மூத்திரப் பையையும் கெடுக்கும். தொழில் ஆபத்தும் அதே இடத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? யோசியுங்கள்!

பார்த்த கோரத்தை மறக்க முடியாதவர், கூட வேலை பார்ப்பவரிடம் மனம் விட்டுப் பேசட்டும். டாக்டரைப் பார்க்கட்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

யார் செய்ய வேண்டும்?

“எங்கள் தாத்தா கருவாடும் சுருட்டுமாக 90 வயது வாழ்ந்தார்” என்பார் ஒருவர். வாழ்ந்திருக்கலாம். ஆனால், அந்தத் தாத்தா எரியும் பிளாஸ்டிக் கிடங்குக்குள் போகவில்லை. அவரைப் போலவே சுருட்டுப் பிடித்து 50 வயதில் போனவர்களைப் பற்றிச் சொல்ல அவர்கள் வீட்டில் பேரப் பிள்ளைகள் இல்லை.

“சம்பளம் போதவில்லை. இதில் பழம் எங்கே வாங்குவது?” என்பார் இன்னொருவர். இது நியாயமான கேள்வி. எல்லாப் பொறுப்பையும் வீரரின் தலையிலும், அவர் மனைவியின் தலையிலும் கட்டிவிட்டு, “நீ சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் நோய் வந்தது” என்று சொல்வது அநியாயம். விஷப் புகையில் அவரை நிறுத்தியது அவர் செய்யும் வேலை. அது நமக்காகச் செய்யும் வேலை.

ஆகவே, சர்க்கார் சில காரியங்களைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தீயணைக்கும் நிலையத்திலும் நல்ல சமையல் அறை வேண்டும். சமைக்க ஓர் ஆள் வேண்டும். இரவில் மணி அடித்து அடங்கிய பின்னும் சூடாக இட்லி கிடைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மாற்று உடுப்பு ஒன்று வேண்டும். கரி உடுப்பைத் துவைக்க நிலையத்திலேயே இயந்திரம் வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை முழு மருத்துவச் சோதனை வேண்டும். வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சோதனை தொடர வேண்டும். புற்றுநோய் பல வருஷம் கழித்து எட்டிப் பார்க்கும் நோய்.

இதற்குச் செலவு ஆகும். ஆனால், நோய் முற்றிய பின் செய்யும் வைத்தியத்துக்கு அதைவிட அதிகம் செலவு ஆகும். போன உயிரை எந்தச் செலவாலும் திருப்ப முடியாது.

ஊருக்கும் பங்கு உண்டு. புயல் எச்சரிக்கை வந்தவுடன் நாம் மெழுகுவர்த்தி வாங்கி வைக்கிறோம். அரிசி வாங்கி வைக்கிறோம். காப்பாற்ற வருகிறவர்களுக்கு என்று நாலு படி பயறும், ஒரு தார் வாழைப்பழமும் வாங்கி வைத்தால் என்ன? மகளிர் குழுக்கள் மனது வைத்தால் ஒரு மணி நேரத்தில் நூறு பேருக்குச் சுண்டலும் நீர்மோரும் தயார் ஆகிவிடும்.

ஆரம்பத்திலேயே பாருங்கள்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் நோய் வரலாம். அதற்கும் அஞ்ச வேண்டாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பல புற்றுநோய்களைக் குணப்படுத்தலாம்.

மூத்திரத்தில் ரத்தம் வந்தால், வலி இல்லாவிட்டாலும், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மலத்தில் ரத்தம், ஆறாத வாய்ப் புண், காரணம் இல்லாமல் இளைத்தல், விழுங்கும்போது அடைப்பு, பல வாரம் நிற்காத இருமல் - இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப் போடக் கூடாது.

பெரிய முதலியார்சாவடிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியது இல்லை. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு என்றே தனி மையம் இருக்கிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பாடுபட்டு 1954-ம் ஆண்டு அதைத் தொடங்கினார். அன்று 12 படுக்கைகள்தான் இருந்தன. இன்று நாடெங்கும் இருந்து அதைத் தேடி ஜனங்கள் வருகிறார்கள். ஒரு பெண்மணி மனது வைத்ததால் எவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது!

உப்பிட்டவரை நினை

1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் அதே நாளை நாடு முழுவதும் தீயணைக்கும் படை தினமாகக் கொண்டாடுகிறார்கள். மாலை போடுகிறார்கள். மவுனமாக நிற்கிறார்கள்.

தீயில் மாண்டவரை நினைக்கிறோம். தீயில் தப்பி, பதினைந்து இருபது வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாகிறவரை யார் நினைக்கிறார்கள்? அவருக்கு மாலையும் இல்லை. அவர் மனைவியும் பிள்ளைகளும் மட்டும்தான் அழுகிறார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோர்கள் சொன்னார்கள். உப்பு விளைகிற இந்தக் கடற்கரைக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை. உப்பிட்டவரையே அப்படி நினைக்க வேண்டும் என்றால், உயிரைக் காத்தவரை எப்படி நினைக்க வேண்டும்?

தாய்மார்களே! உங்கள் வீட்டில் தீயணைக்கும் வீரரோ, ஆம்புலன்ஸ் ஊழியரோ, போலீஸ்காரரோ இருந்தால் இன்று இரவே ஆரம்பியுங்கள். உப்பை ஒரு சிட்டிகை குறையுங்கள். கீரையை ஒரு கரண்டி கூட்டுங்கள். அப்படி யாரும் வீட்டில் இல்லாதவர்கள், அடுத்த மணி ஓசை கேட்கும்போது ஒரு குடம் தண்ணீரும், ஒரு சோப்பும், ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அந்த மணி நமக்காக அடிக்கிறது. அதைக் கேட்டு ஓடி வருகிறவர் நீண்ட நாள் வாழட்டும்!